செவ்வாய்க்கிழமை மேசை: அமெரிக்கத் தனிப் புத்தகக் கடைகள் வழியாக ஒரு பயணம்

அமெரிக்காவில் புதுப் புத்தகத்துக்கு நாள் செவ்வாய்க்கிழமை. பெட்டிகள் சில நாள் முன்பே வந்து கடையின் பின்னறையில் கிடக்கும். இன்ன தேதிக்கு முன் விற்கக் கூடாது என்று மேலே ஒட்டியிருக்கும். செவ்வாய் காலையில் பிரித்து, வாசலுக்குப் பக்கத்து மேசையில் அடுக்குவார்கள். புத்தகக் கடைகளுக்காகவே பயணம் போடுகிறவர்கள் வார இறுதியைக் கணக்கு வைத்து டிக்கெட் எடுப்பதுதான் முதல் தவறு. சனிக்கிழமை மதியம் கடையில் நிற்க இடம் இருக்காது, கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. செவ்வாய் பிற்பகலோ புதன் காலையோ போனால் மேசையும் நிறைந்திருக்கும், ஆளும் கிடைப்பார்.

மாதமும் பார்க்க வேண்டும். செப்டம்பர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதிவரை பெரிய பெயர்கள் வரிசையாக இறங்கும். ஏப்ரல், மே அடுத்த அலை. டிசம்பரில் புது நூல்கள் அருகி, காலண்டரும் காபிக் கோப்பையும் மேசையைப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை தனிப் புத்தகக் கடைகளுக்கான, அதாவது பெரிய சங்கிலி நிறுவனங்களைச் சேராமல் சொந்தமாக நடக்கும் கடைகளுக்கான நாள். சியாட்டிலில் ‘பாஸ்போர்ட்’ என்ற பெயரில் ஒரு முத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, கடை கடையாய் ஏறி முத்திரை வாங்கச் சொல்வார்கள். திருவிழா பார்க்க நல்ல நாள். நிதானமாகப் புத்தகம் தேர்ந்தெடுக்க அதைவிட மோசமான நாள் கிடையாது.

இங்கே சொல்லும் வழி போர்ட்லண்டில் தொடங்கி, சான் ஃபிரான்சிஸ்கோ, மினியாபொலிஸ் வழியாக நாஷ்வில்லில் முடிகிறது. பத்து நாள் போதும். நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் 1927 முதல் இருக்கிறது. அதை வேண்டுமென்றேதான் விட்டோம். அங்கே எப்படியும் எல்லோரும் போய்விடுகிறார்கள்.

சீட்டைப் படிக்கும் முறை

எந்த ஊருக்குப் போகும் முன்பும் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பயணத்தின் பலன் இரண்டு மடங்கு. தனிக் கடைகளில் அலமாரி விளிம்பிலிருந்து சின்னச் சின்னச் சீட்டுகள் தொங்கும். எல்லாம் பரிந்துரைதான், ஆனால் எல்லாம் ஒரே சரக்கு அல்ல. பளபளப்பாக அச்சடித்து, பத்திரிகை விமர்சனத்திலிருந்து ஒரு வரி போட்டிருந்தால் அது பதிப்பகம் அனுப்பியது. தாண்டிப் போகலாம். இரண்டாவது வகை, இண்டி நெக்ஸ்ட் பட்டியலில் இருந்து வருவது. நாடெங்கும் உள்ள தனிக் கடை ஊழியர்கள் பரிந்துரைப்பதைத் திரட்டி, அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம் மாதாமாதம் வெளியிடும் பட்டியல் அது. ஒவ்வொரு நூலின் கீழும் பரிந்துரைத்தவர் பெயரும் அவர் கடையும் ஊரும் இருக்கும். பில் போடும் இடத்தில் இலவசத் தாளாகக் கிடக்கும். எடுத்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பொன். அந்தக் கடையில் வேலை பார்ப்பவர் தன் கையால் எழுதி, அடியில் தன் பெயரைப் போட்ட சீட்டு. அதைப் பயன்படுத்த ஒரு முறை உண்டு. நீங்கள் ஏற்கெனவே படித்து ரசித்த ஒரு நூலை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்குச் சீட்டு எழுதியவர் யார் என்று பாருங்கள். பிறகு கடை முழுக்க அந்தப் பெயரை மட்டும் துரத்துங்கள். நாலைந்து சீட்டுக்குள் அவர் ருசி உங்கள் ருசியோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். நீங்கள் வெறுத்த நூலைப் புகழ்ந்தவர் பெயரும் பயன்படும், எதிர்த்திசைக் காட்டியாக. ‘கீழே வைக்கவே முடியவில்லை’ என்று மட்டும் எழுதிய சீட்டில் தகவலே இல்லை. இது யாருக்கு ஒத்துவராது என்று எழுதத் துணிந்தவரை நம்பலாம்.

பேச்சுக் கொடுக்கும்போது ‘எது நல்ல புத்தகம்?’ என்று கேட்டால் அந்த வாரம் அதிகம் விற்பதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிடித்த இரண்டு நூல், பாதியில் மூடிய ஒரு நூல், இந்த மூன்றையும் சொல்லுங்கள். மூடிய நூல்தான் அவர்களுக்கு உண்மையில் உதவும். அடுத்த கேள்வி: ‘இன்னும் வராததில் எதைப் படித்துவிட்டீர்கள்?’ வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே திருத்தப்படாத முன்பிரதிகள் கடை ஊழியர்களுக்கு வந்துவிடும். எந்த எழுத்தாளரின் அடுத்த நாவல் எப்படி இருக்கிறது, யார் பதிப்பகம் மாறிவிட்டார் என்பதெல்லாம் பத்திரிகையில் வருவதற்கு முன் அந்தக் கவுன்டரில் பேச்சாக இருக்கும். முன்பிரதி விற்பனைக்கு அல்ல. அவர்களே நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம், வாய்விட்டுக் கேட்பது அழகல்ல.

ஒரு சீட்டுக்கு இவ்வளவு மரியாதை ஏன்? விற்காத புத்தகத்தைக் கடைகள் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதனால் மேசையில் ஒரு நூலின் ஆயுள் சில மாதம்தான். ஒருவர் சீட்டு எழுதி, தீரத் தீர மறுபடி வரவழைத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். தாவரவியலாளர் ராபின் வால் கிம்மரரின் ‘ப்ரெய்டிங் ஸ்வீட்கிராஸ்’ 2013-இல் மில்க்வீட் என்ற சிறு பதிப்பகத்திலிருந்து வந்தது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் அது ஏறியது 2020-இல். நடுவில் ஏழு வருடம் அதைப் பிடித்து நிறுத்தியதில் தனிக் கடைகளின் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

போர்ட்லண்ட்

பவல்ஸ், 1971-இல் தொடங்கிய கடை. நான்கு பக்கமும் தெரு ஓடும் ஒரு முழுத் தொகுதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அறைகளுக்கு நிறப் பெயர்: இலக்கியம் நீலம், துப்பறியும் கதையும் அறிவியல் புனைவும் தங்கம், சிறுவர் நூல் ரோஜா. வாசலில் வரைபடம் கிடைக்கும். எடுக்காமல் நுழைந்தால் அரைமணி நேரம் வீண். ஒரு பிற்பகலில் இரண்டு அறைக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. எந்த இரண்டு என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே புதுப் பிரதியும் பழைய பிரதியும் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்கும். முதுகில் விலைச்சீட்டைப் பார்க்காமல் முதல் பிரதியை உருவினால் அதே நூலுக்கு இரட்டிப்பு விலை கொடுக்க நேரும். வெளிவந்து ஒன்றிரண்டு மாதமான நாவலுக்கே பழைய பிரதி வந்துவிடுவதுண்டு. எடுத்ததும் அடிவிளிம்பைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு மையில் ஒரு கோடோ புள்ளியோ இருந்தால் அது பதிப்பகம் மிச்சச் சரக்காகத் தள்ளிவிட்ட பிரதி. முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. தாள்களின் முன்விளிம்பு கிழித்ததுபோல் ஏறுக்குமாறாக இருந்தால் அது பழுதல்ல, வேண்டுமென்றே அப்படி விடுகிறார்கள். நம்மவர்கள் பலர் அதைப் பார்த்துப் பிரதியை மாற்றிக் கேட்பார்கள்.

ஆரிகன் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. 30 டாலர் என்று போட்டிருந்தால் 30 டாலர்தான். மற்ற மூன்று ஊரிலும் பில் போடும்போது வரி சேரும். கனமான, விலை கூடிய கெட்டி அட்டை நூல்களை இங்கேயே முடித்துக்கொள்வது கணக்கு.

சான் ஃபிரான்சிஸ்கோ

சிட்டி லைட்ஸ் 1953-இல் கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் தொடங்கியது. பேப்பர்பேக் மட்டுமே விற்கும் கடையாக ஆரம்பித்து, 1955 முதல் பதிப்பகமுமாயிற்று. ஆலன் கின்ஸ்பெர்க்கின் கவிதை நூலை 1956-இல் போட்டதற்காக அடுத்த ஆண்டு ஆபாச வழக்கைச் சந்தித்து வென்றது. ஃபெர்லிங்கெட்டி 2021-இல், 101 வயதில் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் படம் எடுத்துக்கொண்டு தரைத்தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மாடிப்படி ஏறினால் கவிதைக்கென்றே தனி அறை. நாற்காலி போட்டிருக்கிறது, உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். இந்தக் கடையில் தேட வேண்டியது மொழிபெயர்ப்பு. பெரிய கடைகளில் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும் அயல்மொழி நாவல்கள் இங்கே பரந்து கிடக்கும். அதிகம் விற்கும் த்ரில்லர் வேண்டுமென்றால் இது உங்களுக்கான கடை அல்ல.

மினியாபொலிஸ்

சுற்றுலாப் பட்டியல்களில் வராத ஊர். நான்கில் ஒன்றை விடச் சொன்னால் இதை விடமாட்டோம். கிரேவுல்ஃப், காஃபி ஹவுஸ், மில்க்வீட் என்று இலாப நோக்கமில்லாத மூன்று முக்கியமான இலக்கியப் பதிப்பகங்கள் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. நாவலாசிரியர் லூயிஸ் எர்ட்ரிச் 2001-இல் தொடங்கிய பிர்ச்பார்க் புக்ஸும் இங்கேதான். அமெரிக்கப் பூர்வகுடி எழுத்துகளுக்கு இதுபோல் ஒரு தேர்வை வேறெங்கும் பார்ப்பது கடினம். சின்னக் கடை, உள்ளே ஒரு பழைய மரப் பாவமன்னிப்புக் கூண்டு நிற்கிறது.

இந்த ஊரை அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. பெரிய பதிப்பகங்களின் புது நாவல்கள் பலவற்றுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்கும் மலிவுப் பதிப்பு வந்துவிடுகிறது. 28 டாலர் கொடுத்து, ஏழு கடல் தாண்டித் தூக்கி வந்த நூல், சென்னையில் அதில் பாதிக்கும் குறைவான விலையில் உட்கார்ந்திருக்கும். எந்த நூலையும் கவுன்டருக்குக் கொண்டுபோகும் முன் கைபேசியில் இந்தியப் பதிப்பு உண்டா என்று பாருங்கள். சிறு பதிப்பகங்களின் நூல்களுக்கு அது பெரும்பாலும் இருக்காது. அவற்றை வாங்க இடம் இதுதான்.

நாஷ்வில்

பர்னாசஸ் புக்ஸை நாவலாசிரியர் ஆன் பேட்செட்டும் கேரன் ஹேய்ஸும் 2011 நவம்பரில் திறந்தார்கள். ஊரின் பெரிய கடைகள் மூடிப்போயிருந்த சமயம். மாதம் ஒரு கையெழுத்திட்ட முதல் பதிப்பு அனுப்பும் சந்தாத் திட்டம் இந்தக் கடையின் தனிச்சிறப்பு. எழுத்தாளர் நடத்தும் கடை என்பதால் எழுத்தாளர்கள் வந்துபோவதும் அதிகம். பயணத் தேதியை இறுதி செய்யும் முன் நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள். நூல் வெளியான முதல் சில வாரங்களில்தான் பெரும்பாலும் ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போவார்கள். பெரிய பெயர் என்றால் கூட்டம் கடையில் நடக்காது, நூலகத்துக்கோ பள்ளி அரங்குக்கோ போய்விடும். முகவரியைப் பார்க்காமல் கடை வாசலில் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் உண்டு.

டிக்கெட்டில் நூலின் விலையும் சேர்ந்திருக்கிறதா, வீட்டிலிருந்து பழைய நூல் கொண்டுவரலாமா, எத்தனை வரை என்பதை முன்கூட்டியே படித்துவிடுங்கள். வேறு கடையில் வாங்கிய புது நூலோடு கையெழுத்து வரிசையில் நிற்பது பல இடங்களில் நடக்காது. வரிசையில் ஒருவர் ஒட்டுத்தாளோடு வந்து பெயர் கேட்பார். வாயால் சொன்னால் ‘கயல்விழி’ என்னவாகும் என்று சொல்லவே வேண்டாம். பேனாவை வாங்கி நீங்களே பெரிய எழுத்தில் எழுதி, தலைப்புப் பக்கத்தில் ஒட்டுங்கள். பின்னால் விற்கும் எண்ணமிருந்தால் பெயர் வேண்டாம், கையெழுத்து மட்டும் கேளுங்கள்.

‘கையெழுத்துப் பிரதி’ என்று வட்ட ஒட்டி ஒட்டிய நூல்களில் ஒரு விஷயம். அச்சாகும் முன்பே வெறும் தாள்களை ஆசிரியருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி, பிறகு நூலில் சேர்த்துக் கட்டுவதும் நடக்கிறது. அந்தத் தாள் மட்டும் தடிமனோ நிறமோ சற்று மாறியிருக்கும். போலியல்ல, ஆனால் ஆசிரியர் தொட்டது தாளைத்தான், புத்தகத்தை அல்ல. முதல் அச்சா என்று அறிய காப்புரிமைப் பக்கத்தின் எண் வரிசையைப் பாருங்கள். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் பெரும்பாலும் அச்சின் எண்.

தூக்கி வருவது

300 பக்கப் பேப்பர்பேக் ஏறத்தாழ 300 கிராம், அதே நூல் கெட்டி அட்டையில் 500 முதல் 600. 23 கிலோ பெட்டியில் பெட்டியின் எடையே 3, 4 கிலோ போய்விடும். முழுக்கக் கெட்டி அட்டை நூலாய் அடைத்தால் நாற்பதுக்கு மேல் போகாது, சக்கரமும் உடையும். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டிலும் பாதிப் பாதி, சக்கரப் பக்கம் படுக்கை வாக்கில் அடுக்கி, மூலைகளில் துணி செருகுவது நல்லது. மேலுறை கிழிவது பெரும்பாலும் இடைவெளியில் நூல் ஆடுவதால்தான்.

அமெரிக்காவுக்குள் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் அங்கே அனுப்பிவிடலாம். அஞ்சலகத்தில் மீடியா மெயில் என்று கேளுங்கள். 70 பவுண்டு எடை வரை, மலிவு, மெதுவாகப் போகும். பெட்டிக்குள் புத்தகம் மட்டுமே இருக்கலாம். இடைவெளிக்கு ஒரு ஸ்வெட்டரைச் செருகினாலும் சலுகை போய்விடும், திறந்து பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இந்தியாவுக்கு இந்தச் சேவை கிடையாது. கப்பல் அஞ்சலையும் அமெரிக்கா 2007-இல் நிறுத்திவிட்டது, விமானக் கட்டணம் பல சமயம் நூலின் விலையைத் தாண்டும்.

பிடித்த சீட்டுகளை நூலின் முதுகோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கடைகளும் மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகின்றன. அதில் புதுப் பட்டியலை மேலிருந்து படிப்பதைவிட, படத்தில் உள்ள பெயரைத் தேடுவது வேகமான வழி. மூன்று மாதம் தொடர்ந்து அந்தப் பெயர் வரவில்லை என்றால் ஆள் வேலை மாறிவிட்டார் என்று அர்த்தம். எங்கே போனார் என்று கடையில் சொல்லமாட்டார்கள். பிடித்த நூலிலிருந்து வேறொரு பெயரைத் தேடத் தொடங்க வேண்டியதுதான்.