முகட்டுக்கு மேலே

நவம்பர் 9

கூரைக்கும் அறை முகட்டுக்கும் இடையிலிருக்கும் அற்றிக்கில் இன்சுலேசன் போட அளவெடுக்க வந்த தம்பி, அம்மாவின் அறைச் சுவர் அலுமாரிக்கு மேலிருக்கும் மூடியை ஒரு சாண் உயர்த்தி, ரோர்ச் வெளிச்சத்தை உள்ளே செலுத்திப் பார்த்துவிட்டு, அதை மிக மெதுவாக இறக்கி வைத்தார். "அண்ணை, இதில நாங்கள் கை வைக்கேலாது" என்றார். இளஞ்சிவப்பு பைபர்கிளாஸ் மெத்தைக்கு அடியில், மரச்சட்டங்களுக்கு இடையே, சாம்பலும் பொன்னும் கலந்த நிறத்தில் வேர்மிகுலைற் பரல்கள் கொட்டிக் கிடக்கின்றனவாம், அவற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாமாம். ஆர்-60 என்ற வெப்பத்தடை அளவுக்குச் செலுலோஸ் (காகித நார்) ஊதித் தருவதாக வந்தவர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நவம்பர் 10

அலுமாரியைப் பூட்டியாயிற்று. அம்மா காரணம் கேட்கவில்லை.

நவம்பர் 12

அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பரல் கிடந்தது. ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, ஒட்டி மூடும் சிறு பையில் போட்டு, மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆர்மோனியத் துருத்தியின் மடிப்புகளைப் போல மெல்லிய தகடுகள் விரிந்து நிற்கின்றன. வேர்மிகுலைற் என்பது அபிரகத்தை ஒத்த கனிமம். சூளையில் சூடாக்கும்போது தகடுகளுக்கு இடையிலிருக்கும் நீர் ஆவியாகி அதைப் பொரியச் செய்கிறது. ஆபத்து அந்தப் பரலில் இல்லை, அதனோடு கூடவே வந்திருக்கக்கூடிய, கண்ணுக்குப் புலப்படாத அஸ்பெஸ்ரஸ் இழைகளில் இருக்கிறது.

மொன்ரானா மாநிலத்தின் லிபி என்ற சிற்றூருக்கு அருகே 1920களிலிருந்து 1990 வரை இயங்கிய சுரங்கத்திலிருந்துதான் அமெரிக்காவில் விற்பனையான வேர்மிகுலைற்றின் பெரும்பகுதி வந்தது. அந்தப் பாறையிலேயே ட்ரெமோலைற் முதலான அஸ்பெஸ்ரஸ் வகைகள் ஊடுருவியிருந்தன. சொனோலைற் என்ற பெயரில் அது மூடை மூடையாகக் கனடாவுக்கும் வந்தது. 1963இல் சுரங்கத்தை வாங்கிய டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் 2001இல் திவால் பாதுகாப்பு கோரியது. 2009இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை லிபியில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. இங்கேயோ, 1970களின் பிற்பகுதியில் எண்ணெய் விலை ஏறியபோது, வீடுகளுக்கு இன்சுலேசன் போடுவதற்கென்று மத்திய அரசு வழங்கிய மானியத்தில் இந்தப் பரல்களும் வாங்கப்பட்டன. இந்த வீட்டில் அன்று இருந்தவர் குளிருக்கும் செலவுக்கும் அஞ்சிய சாதாரண மனிதராகத்தான் இருந்திருப்பார். மூடையை வெட்டிக் கொட்டி, முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல், அதைச் சமப்படுத்தியிருப்பார். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது?

நவம்பர் 14

மூடியின் நான்கு பக்கமும் நாடா ஒட்டினேன். முகட்டு விளக்கைச் சுற்றியிருந்த இடுக்கை, விளக்கைக் கழற்றாமலே, பசையால் அடைத்தேன். அலுமாரித் தட்டுகளை ஈரத் துணியால் துடைத்து, துணிகளைப் பையிலிட்டுக் கட்டினேன். வீட்டு வக்யூமை எடுக்க வந்த மகனைத் தடுத்தேன். அந்த இயந்திரத்தின் வடிகட்டி நுண்ணிழைகளைப் பிடிக்காது, பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். போன மார்கழியில் வண்ண விளக்குகளை எடுக்க அவன்தான் மேலே ஏறினான்.

நவம்பர் 17

மச்சான் வந்து சிரித்துவிட்டுப் போனார். "அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழதானே பள்ளிக்கூடம் படிச்சனாங்கள்" என்பது அவருடைய வாதம். அந்தக் கூரைத் தகட்டில் இருப்பது பெரும்பாலும் கிறிசோரைல் என்ற வெள்ளை அஸ்பெஸ்ரஸ். சிமெந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உடைத்தாலோ அறுத்தாலோ அன்றி எளிதில் பறப்பதில்லை. மேலே கிடப்பது எதனாலும் பிணைக்கப்படாதது, ஒரு காலடி பட்டாலே எழும்பக்கூடியது. இதை அவருக்கு விளக்கினேன். கிறிசோரைலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சொன்னபோது அவர் பேச்சை மாற்றினார். இலங்கை அரசுகூட 2018 தொடக்கம் அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியைத் தடைசெய்வதாக இருந்தது. 2017 டிசம்பரில், ஒரு வண்டைக் காரணம் காட்டி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. தேயிலைக்காக நுரையீரலை விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் சொன்னது மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 23

முதல் பனி. அயல் வீட்டுக் கூரை முழுவதும் வெள்ளையாக இருக்க, எங்கள் கூரையில் சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் பட்டை பட்டையாகக் கரைந்து கறுத்துவிட்டன. நாங்கள் எரிக்கும் எரிவாயுவின் சூடு அந்தப் பட்டைகளின் வழியாகத்தான் வெளியேறுகிறது.

நவம்பர் 26

மாதிரி எடுக்க வந்தவர் முழு உடலையும் மூடும் உடையும் இரு வடிகட்டிகள் பொருத்திய முகமூடியும் அணிந்து ஏறினார். வெவ்வேறு இடங்களில், இழைகள் அடியில் படிந்திருக்கும் என்பதால் முகட்டுப் பலகை வரை தோண்டி எடுத்தார். ஆய்வில் எதுவும் அகப்படாவிட்டாலும், ஒரு மூலையில் இல்லாதது இன்னொரு மூலையில் இருக்கலாம் என்றார். அப்படியானால் எதற்காக இந்தச் சோதனை என்ற கேள்வி வாய்வரை வந்தது.

டிசம்பர் 3

அம்மா இரவில் இருமினார்.

டிசம்பர் 5

முடிவு வந்தது: ட்ரெமோலைற் இழைகள் உள்ளன, ஆனால் 0.5 சதவீதத்துக்குக் குறைவு. ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதிப்படி 0.5 சதவீதத்தை எட்டினால்தான் ஒரு பொருள் அஸ்பெஸ்ரஸ் கொண்டதாகக் கணக்கிடப்படும். ஆகவே சட்டத்தின் பார்வையில் எங்கள் தலைக்கு மேல் அஸ்பெஸ்ரஸ் இல்லை. அஸ்பெஸ்ரஸ் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் லிபி வேர்மிகுலைற்றைக் கிளறினாலும் காற்றில் கவலைக்குரிய அளவு இழைகள் எழும் என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாகப் படுப்பது? மனைவி அறிக்கையை ஒரு தடவை வாசித்துவிட்டு, "இல்லை எண்டுதானே எழுதியிருக்கு" என்றாள்.

டிசம்பர் 8

கனடாவின் சுகாதாரத் திணைக்களம் சொல்வது எளிமையானது: கிளறாமல், முகட்டுக்கு மேலேயே அடைபட்டுக் கிடந்தால் ஆபத்து மிகக் குறைவு, அற்றிக்கில் பொருள் வைக்காதீர்கள், பிள்ளைகளை ஏற விடாதீர்கள், கீழிருந்து வெடிப்புகளை அடையுங்கள், அகற்றுவதானால் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கூரை இப்படியே சூட்டைக் கசியவிட்டுக் கொண்டிருக்க வேண்டும். காற்று வெளியேறும் துளைகளெல்லாம் பரல்களுக்கு அடியில்தான் இருக்கின்றன. அவற்றை அடைக்காமல் மேலே எத்தனை அங்குலம் செலுலோஸ் ஊதினாலும் ஈரமான சூட்டுக்காற்று அதனூடாக ஏறிக் கூரைப் பலகையில் பட்டு நீராக ஒடுங்கும். மூடி வைத்தால் வீடு கெடும், திறந்தால் நாங்கள் கெடுவோம் என்ற நிலை.

அகற்றும் நிறுவனம் ஒன்று சொன்ன தொகை, சமையலறைக்கென்று சேர்த்து வைத்திருந்ததை விழுங்கிவிடும். இன்னொருவர் பாதி விலைக்கு, "சாதாரண ஆட்களை விட்டு அள்ளிப்போடலாம், அறிக்கைதான் இருக்கே" என்றார். அந்தச் சாதாரண ஆட்கள் யாராக இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வந்த புதிதில் நானும் அப்படிப்பட்ட வேலைகளுக்குப் போனவன்தான். அவரை மீண்டும் அழைக்கவில்லை.

டிசம்பர் 15

அம்மாவுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அஸ்பெஸ்ரஸ் நோய்கள் வெளிப்படப் பல பத்து ஆண்டுகள் எடுக்கும், அம்மா எங்களிடம் வந்தது அண்மையில்தான், ஆகவே இந்த இருமலுக்கும் அதற்கும் தொடர்பிருக்க முடியாது. இதே கணக்கை மகனுக்குப் போட்டால் விடை வேறாக வருகிறது. அவனுக்கு முன்னால் அந்தப் பல பத்து ஆண்டுகளும் கிடக்கின்றன.

டிசம்பர் 16

ஒருமுறை ஏறியதால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொன்னார். ஏறியது ஒருமுறைதானா என்று அவனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

டிசம்பர் 22

கூரையில் உருகிய நீர் தாழ்வாரத்தில் மீண்டும் உறைந்து, பின்னால் வருவதைத் தடுத்து நிற்கிறது. அம்மாவின் அலுமாரிக்கு நேர் மேலே, முகட்டில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. விரலால் அழுத்திப் பார்க்கவில்லை. ஜிப்சம் பலகை ஊறி விழுந்தால் அதன் மேலிருப்பது முழுவதும் அறைக்குள் வரும். இனி விவாதிக்க ஒன்றுமில்லை. முதல் நிறுவனத்துக்கு முற்பணம் அனுப்பினேன். சட்டம் கேட்காவிட்டாலும், அஸ்பெஸ்ரஸ் வேலைகளில் மிகக் கடுமையான மூன்றாம் வகைக்குரிய ஒழுங்கில் செய்வதாக எழுத்தில் வாங்கினேன்.

ஜனவரி 4

படத்தில் ஒன்றுமில்லை, பழைய சளிதான். அம்மா மார்க்கம் நகரிலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அது மூடிக்கு நேர் கீழே இருந்த பெட்டி. பூட்டின் விளிம்பில் மினுங்கிய துகளை அவர் காணும் முன்பே துடைத்துவிட்டேன்.

ஜனவரி 11

தடித்த பொலித்தீன் தாள்களால் வழியெல்லாம் மூடி, உள்ளிருக்கும் காற்று வெளியறைகளுக்கு வராதபடி எதிரழுத்த இயந்திரத்தை ஓட்டி, நுண்ணிழைகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் எடுத்தார்கள். இரட்டைப் பைகள் மாலைவரை இறங்கிக்கொண்டே இருந்தன. இன்று காற்று மாதிரி எடுத்தார்கள். கன சென்ரிமீற்றருக்கு 0.01 இழைக்கு மேல் இருந்தால் மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டும். தேறிவிட்டால் இன்சுலேசன் போடும் அந்தத் தம்பி புதன்கிழமை வருவார். அவரிடம் காட்ட வேண்டியவை: குளியலறைக் குழாய் மேலே ஏறும் துளை, உட்சுவர்களின் தலைச்சட்டம், தாழ்வாரக் காற்றுவழிகளுக்குத் தடுப்பு, மூடிக்கு இறப்பர் விளிம்பு, மின்வயர் ஏறும் துளைகள்.