கேட்பது ஓரிடம், அழைப்பது வேறிடம்

ஏற்காட்டு மாலைகளில் அமெச்சூர் (ஹாம்) வானொலியின் 20 மீட்டர் பேண்டை, அதாவது 14 மெகாஹெர்ட்ஸ் பகுதியைத் துழாவும்போது, தொலைதூரத் தீவொன்றிலிருந்து 14.195 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் மெல்லிய குரலை, அதே இடத்தில் நூறு பேர் ஒருசேர அழைத்தால் மூழ்கடித்துவிடுவார்கள் என்பதால்தான், அந்நிலையத்தார் ‘அப் 5’ (5 கிலோஹெர்ட்ஸ் மேலே அழையுங்கள்) என்று அறிவித்து 14.200இல் செவிமடுக்கிறார்கள்.

கருவியில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் விஎஃப்ஓக்களில் ஒன்றைக் கேட்பதற்கும் மற்றொன்றை அனுப்புவதற்கும் அமைத்து, இரண்டையும் பிரித்து இயக்கும் ஸ்ப்ளிட் பொத்தானை அழுத்துவது எளிது. ஆனால் உடனே அழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தீவு நிலையத்திலிருப்பவர் கடைசியாக யாருக்குப் பதிலளித்தாரோ அந்த நபர் எந்த அலைவரிசையில் இருந்தார், அடுத்து நிலையத்திலிருப்பவர் தாம் கேட்குமிடத்தை மேலே நகர்த்துகிறாரா, கீழே இறக்குகிறாரா என்பதைப் பொறுமையாகக் கண்டறிந்தால், 100 வாட்டும் எளிய டைபோல் ஆன்டெனாவும் கொண்டே பலமுறை பதில் பெறலாம்.

ஒருமுறை ஸ்ப்ளிட்டை மறந்து அவருடைய அலைவரிசையிலேயே அழைத்துவிட்டேன். முன்பின் அறியாத பலருடைய காத்திருப்பைக் கெடுத்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.