பகரமும் மகரமும் திரும்பி வரும்வரை

வியாழக்கிழமை பின்னேரம் இடது காதுக்குப் பின்னால், எலும்பு மேடாக இருக்கும் இடத்தில் ஒரு குத்து வந்தது. பல்லுக்குத்துதான் காதுக்கு ஏறுகிறது என்று நினைத்தேன். பக்கத்துப் பார்மசியில் சொன்னபோது காதுக்கு விடும் துளி மருந்து தந்தார்கள். விட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழும்பிப் பல் துலக்கினேன். கொப்பளித்த தண்ணீர் இடது கடைவாயால் தானாக வழிந்தது. முகம் கழுவும்போது சவர்க்காரம் இடது கண்ணுக்குள் போய் எரிந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் கழுவினேன். அது மூடவேயில்லை என்பது நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலது கண் மூடித் திறந்தது. இடது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மகனை எழுப்பப் போய் "எழும்பு" என்று சொல்ல வாயெடுத்தேன். 'ம்' வரவில்லை, 'பு' வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் வந்த சொல் ஸ்ட்ரோக். என் கணவர் ஓட்டோ பிடிக்கப் படியிறங்கி ஓடினார். மேல் மாடி மாமிதான் மறித்து, "ஓட்டோ வேண்டாம் தம்பி, 1990க்கு அடியுங்கோ" என்றார். அந்த எண்ணில் கூப்பிட்டால் வரும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து, காலி வீதியின் காலை நெரிசலுக்குள்ளால் எங்களைத் தேசிய வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டது. ஒரு சதம் கேட்கவில்லை. இது முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் விழுத்தும் முகவாதமா, மூளையில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று வீட்டில் இருந்துகொண்டு முடிவு செய்ய நமக்குத் தெரியாது. முகம் ஒரு பக்கம் விழுந்தால் யாரும் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுத்துப் பார்க்கவேண்டாம்.

அங்கே என்னைப் பார்த்தவர் இளவயதுப் பெண் டொக்டர். இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார், நடக்கவைத்தார், கதைக்கவைத்தார். பிறகு, "புருவத்தை உயர்த்துங்கள்" என்றார். வலது நெற்றி சுருங்கியது. இடது நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே கிடந்தது. நெற்றியும் சேர்ந்து விழுந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவருடைய முகம் அப்போதுதான் தெளிந்தது. நெற்றியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் பெரும்பாலும் வாய்தான் கோணும், நெற்றி தப்பிவிடும். நெற்றி, கண், வாய் மூன்றும் ஒன்றாக விழுந்தால் கோளாறு பெரும்பாலும் முகத்தை இயக்கும் நரம்பிலேயே இருக்கிறது என்று பொருள். காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். அங்கே கொப்புளம் இருந்தால் அது கொப்புளிப்பான் (சின்னம்மை) வைரஸால் வரும் வேறு வகையாம், அதற்கு வேறு மருந்தும் வேண்டும். எனக்குக் கொப்புளம் இல்லை. "பெல்ஸ் பால்ஸி", அதாவது முகவாதம், என்று அட்டையில் எழுதினார்.

சார்ல்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் 1821-ல் இந்த நரம்பைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு இது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்புக்குள் ஒடுங்கிய ஒரு குழாய் வழியாக வந்து முகத்தில் கிளை பிரிகிறது. உடலுக்குள் தூங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் போன்ற ஒரு வைரஸ் விழித்துக்கொள்வதால் நரம்பு வீங்குகிறது என்பதுதான் பரவலான கருத்து. சதைக்குள் வீங்கினால் விரிய இடம் இருக்கும், எலும்புக் குழாய்க்குள் இல்லை. நரம்பு தன் வீக்கத்தாலேயே நெரிபடுகிறது. வியாழன் பின்னேரக் குத்து அதுதான்.

அந்த வீக்கத்தை இறக்கத்தான் பிரெட்னிசலோன். எனக்கு நாளுக்கு 50 மில்லிகிராம், பத்து நாள். 5 மில்லிகிராம் குளிசை என்பதால் காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துக் குளிசை எண்ணி எண்ணி விழுங்கினேன். இதை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் செய்து 2007-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அந்த நேரத்துக்குள் வந்து இந்த மருந்தை எடுத்தவர்களில் ஒன்பது மாதம் கழித்து 94 சதவீதமானோருக்கு முகம் பழையபடி வந்திருந்தது. எடுக்காதவர்களில் 82 சதவீதம். மருந்து இல்லாமலும் பெரும்பாலானோர் தேறுகிறார்கள் என்பதும் இதில் இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிரூட்டிப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தேன். நம்பிக்கை தேவைப்பட்ட நாட்களில் அது உண்மையிலேயே கைகொடுத்தது.

இன்னொரு விஷயமும் அன்று வெளிவந்தது. விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 248. எனக்கு நீரிழிவு இருப்பது அதுவரை தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் இந்த முகவாதம் வரும் வாய்ப்புக் கூடுதல். பிரெட்னிசலோனோ சீனியை ஏற்றும் மருந்து. சீனியைக் குறைக்கும் மெட்போமினும் தந்து, காலை மாலை இரண்டு வேளையும் வீட்டில் சீனி பார்த்து எழுதச் சொன்னார்கள். நாலாம் நாள் 300ஐத் தாண்டியதும் கிளினிக்குக்கு ஓடினோம். அளவை மாற்றித் தந்தார்கள். முகம் ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம் என்று அந்தப் பத்து நாளும் போனது. இந்த மருந்தைக் கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது என்பதற்கு என் கொப்பியில் உள்ள அந்த எண்களே போதும்.

இப்போது கண். எனக்கு உண்மையான பயம் தந்தது வாய்க் கோணல் அல்ல, கண்தான். அன்று டொக்டர் கையைப் பிடித்துச் சொன்னார்: "வாய் பிறகு வரும். கண் போனால் வராது." இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் மணிக்கொரு தடவை கண்ணீர் மாதிரியான துளி மருந்து. இரவில் களிம்பு பூசி, இமையை விரலால் இழுத்து மூடி, பிளாஸ்டர் ஒட்டவேண்டும். சும்மா ஒட்டினால் தூக்கத்தில் இமை உள்ளே திறந்துகொண்டு பிளாஸ்டரே கருவிழியில் உராயும். மேல் இமையில் இருந்து கன்னத்துக்குச் சற்றுச் சரிவாக ஒட்டும் முறையைத் தாதி மிஸ் ஒருவர் மூன்று தரம் செய்து காட்டினார். என் கணவர் அதைப் பழகிக்கொண்டு இரண்டு மாதம் ஒவ்வொரு இரவும் ஒட்டிவிட்டார். மூன்றாம் கிழமை கண் சிவந்து மண் விழுந்தது போல அறுத்தபோது லிப்டன் சுற்றுவட்டத்தடியில் உள்ள கண் வைத்தியசாலைக்குப் போனோம். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்து, புண் இல்லை, கண் காய்ந்திருப்பதுதான் என்று களிம்பைப் பகலிலும் போடச் சொன்னார்கள். எங்கள் வீடு மரைன் டிரைவுக்குக் கிட்ட. கடற்காற்றில் உப்பு, காலி வீதியில் புகை, பஸ் யன்னலால் தூசு. பக்கமும் மூடிய கண்ணாடி ஒன்று வாங்கிப் போடும்வரை நான் வெளியில் இறங்கவில்லை.

எதிர்பாராதது காதும் நாக்கும். வெள்ளவத்தையில் கடலோர ரயில் சத்தம் எங்களுக்கு மூச்சு மாதிரி, கவனிப்பதே இல்லை. அந்த நாட்களில் ரயில் போனால் இடது காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவேன். குக்கர் விசிலும் அப்படித்தான். காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய தசை ஒன்று பெரிய சத்தத்தைத் தணித்து விடுமாம், அதை இயக்குவதும் இதே நரம்பு. நாக்கின் முன்பகுதியின் சுவையும் இதன் ஒரு கிளைதான். சொதியில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை, தேத்தண்ணி தகரத்தை நக்கியது போல இருந்தது. பாண் துண்டு இடது கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும், நாக்கால் வராது, விரல் விட்டு எடுக்கவேண்டும். எல்லோரோடும் மேசையில் இருந்து சாப்பிட ஒரு மாதம் சென்றது.

நான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். இரண்டு உதடும் பொருந்தினால்தான் ப, ம பிறக்கும் என்று இலக்கணத்தில் படித்ததை முகம் விழுந்த பிறகுதான் உடம்பால் விளங்கிக்கொண்டேன். பல்லும் உதடும் சேரும் வகரமும் வழுக்கியது. பம்பரம், மாம்பழம், வாழைப்பூ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் சொற்கள் எல்லாம் உடைந்தன. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு முதல் கிழமை நான் அழைப்பே எடுக்கவில்லை. எடுத்தால் முதற்சொல்லே 'அம்மா' ஆயிற்றே. என் கணவர்தான், எனக்குச் சளி, குரல் இல்லை என்று சமாளித்தார். பிறகு ஒரு பின்னேரம் இடது கன்னத்தை விரலால் தூக்கிப் பிடித்து, உதட்டைச் சேர்த்து, அழைத்தேன். அரைகுறையாக வந்தது. "என்ன பிள்ளை, வாய்க்கு என்ன?" என்று உடனே கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் ரயிலேறி வந்துவிட்டார்.

இந்த நோயில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஃபேன் காற்றுப் பட்டதால் வந்தது என்றார்கள், சூயிங்கம் சப்பச் சொன்னார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள். நானும் விட்டேனா? தினம் நூறு தரம் கண்ணை இறுக்கினேன், வாயை இழுத்தேன். ஒரு தனியார் நிலையத்தில் முகத்துக்குக் கரண்டும் வைத்தார்கள். இரண்டு நாள் போனேன். வைத்தியசாலையின் பிசியோதெரபி மிஸ் இதைக் கேட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அவர் சிங்களவர், தமிழும் அழகாகக் கதைப்பார். "டீச்சர், நரம்பு வராத தசையை அதட்டி என்ன பயன்? நல்ல பக்கம்தான் இன்னும் இழுத்துக்கொண்டு போகும்" என்றார். நரம்பின் உறை மட்டும் பழுதானால் சில கிழமைகளில் சரியாகும். உள்ளிழையும் அறுந்திருந்தால் அது நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளர்ந்து முகத்துக்கு வந்து சேரும். அதட்டினால் அது வேகமாக வளராது. தசை அசையும்வரை விரல்நுனியால் மெதுவாகத் தடவுவதும், கண்ணைக் காப்பதும், பொறுத்திருப்பதும்தான் வேலை என்றார். அம்மா கொண்டுவந்த நல்லெண்ணெய்க்கும் அவர் தடை சொல்லவில்லை, கண்ணுக்குள் போகாமல் தடவினால் சரி என்றார்.

இருபத்துமூன்றாம் நாள். அம்மா அவித்த இடியப்பத்தோடு சம்பல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உறைப்பு இடது நாக்கில் சுரீரென்று பட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். நாலைந்து நாளில் மூக்கின் ஓரம் துடித்தது, பிறகு கடைவாய் ஒரு நூல் அளவு அசைந்தது. அதற்குப் பின்தான் கண்ணாடிப் பயிற்சி: ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, மிகச் சிறிய அசைவுகள், இரண்டு பக்கமும் ஒரே அளவில். வலது பக்கம் முந்தினால் விரலால் பிடித்து நிறுத்தவேண்டும். களைப்பு வந்தால் உடனே விடவேண்டும்.

ஏழு கிழமையில் பள்ளிக்கூடம் போனேன். "டீச்சர், உங்கட வாய் ஏன் கோணல்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "ஒரு வருத்தம் வந்தது, இப்போது மாறிக்கொண்டு வருகிறது" என்றேன். "நோகுமா?" என்றது. "இல்லை" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. பெரியவர்களுக்குத்தான் பதில் சொல்லி முடியவில்லை.

நாலாம் மாதம் வேறொன்று தொடங்கியது. 'பூ' என்று உதட்டைக் குவித்தால் இடது கண் தானாகச் சுருங்கும். வளரும் நரம்பிழைகள் சில தவறான தசைக்குப் போய்ச் சேர்வதால் இப்படி வருமாம். இது வராமல் இருக்கத்தான் அவ்வளவு அதட்டக்கூடாது என்று சொன்னார்களோ என்று முதலிரு கிழமைகளை நினைத்து மனம் நொந்தேன். அதற்கும் பயிற்சி உண்டு: கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உதட்டை மெதுவாக, கண் சுருங்கத் தொடங்கும் இடம் வரை மட்டும் குவித்து, அங்கேயே நின்று திரும்புவது. மாதக்கணக்கில் செய்தேன். நன்றாகக் குறைந்திருக்கிறது.

இப்போது ஒன்பது மாதம். நெற்றி சுருங்குகிறது, கண் மூடுகிறது. சீனிக்கு மருந்து தொடர்கிறது. களைத்த நாட்களில், கடைசிப் பாடவேளையில் 'பம்பரம்' சொல்லும்போது இடது கண் சற்றே சிறுக்கும், பிள்ளைகள் கவனிப்பதில்லை. துளி மருந்துக் குப்பி இன்னும் கைப்பையில் இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அம்மாவுக்கு அழைப்பெடுத்துக்கொண்டு மரைன் டிரைவில் நடக்கிறேன். காற்று அதிகமாக அடித்தால் நின்று இரண்டு துளி விட்டுக்கொண்டு மறுபடி நடக்கிறேன்.