வேப்பமரத்துக்குத் தெற்கே எட்டடி

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம் சுகாதாரப் பிரிவு என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கொசு மருந்து, குப்பை லாரி, ஓட்டல் சோதனை என்றால் சுவாரசியமாகக் கேட்பார்கள். அதே வரிசையில் மயானமும் உண்டு என்றால் பேச்சு திசை மாறிவிடும். நான் வேலை முடிந்து வரும் நேரத்தில் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் என் மாமியார் உள்ளே போவார். ஒன்பது வருடம் அந்தச் செம்பு தவறியதில்லை.

சென்னையின் மேற்கு ஓரத்தில் ஒரு பழைய பேரூராட்சிப் பகுதி அது. 2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தபோது எங்களுடையதும் போய்ச் சேர்ந்தது. பெயர்ப்பலகை மாறியது. மயானம் அப்படியேதான் இருந்தது: ஒன்றரை ஏக்கர், நுழைந்ததும் அரிச்சந்திரன் கல், இடது பக்கம் எரிமேடையும் கொட்டகையும், பின்னால் இடுகாடு. சுற்றிலும் வயல் இருந்த காலத்தில் ஒதுக்கிய இடம். நான் போகும்போது மூன்று பக்கமும் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. புகை வருகிறது, மேளச் சத்தம் கேட்கிறது என்று வாரத்துக்கு ஒரு மனு வரும். வீடு வாங்கும்போது பால்கனியிலிருந்து இதெல்லாம் தெரியவில்லையா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

மயானப் பராமரிப்பு என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது, கேட்டுக்குப் பூட்டுப் போடுவது, வாடிய மாலையை அள்ளுவது என்று நினைத்துத்தான் போனேன். முதல் ஐப்பசியில் அது தண்ணீர் விவகாரம் என்று புரிந்தது. மூன்றடி தோண்டினாலே குழியில் ஊற்று எடுக்கும். மோட்டார் வைத்து இறைத்தாலும், உடல் வந்து இறங்குவதற்குள் மறுபடி முழங்கால் தண்ணீர். அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தின் முன்னால் வாளியால் இறைப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

அங்கிருந்த மயான உதவியாளர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அப்பா, தாத்தா எல்லாரும் இதே இடத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள். வெட்டியான் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் சார். கிழக்கு மூலையில் மேடாக இருந்த ஒரு பட்டையைக் காட்டி, “அங்க இப்ப யாருக்கும் கொடுக்காதீங்க சார்” என்று சித்திரையிலேயே சொல்லிவிடுவார். “மேட்டை வெயில் காலத்துல தீர்த்துட்டா மழையில எங்க போவீங்க?” எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத விதி. ஒன்பது வருடமும் அதைத்தான் கடைப்பிடித்தேன்.

அப்புறம் சமாதிச் சண்டை. பதினாறாம் நாள் முடிந்ததும் யாராவது செங்கல், சிமென்டோடு வந்துவிடுவார்கள். பொது இடுகாட்டில் மேலே கட்ட அனுமதித்தால் சில வருடங்களில் குழி வெட்ட இடமிருக்காது. வேண்டாம் என்றால் போன் வரும். யாரிடமிருந்து என்று சொல்லத் தேவையில்லை.

2020, 2021 பற்றி எழுதப் போவதில்லை. அந்த மாதங்களுக்குத் தனி நோட்டு வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது பதிவேட்டைப் பற்றி. டாக்டர் கொடுத்த சான்று, அடையாள அட்டை நகல், யார் கொண்டுவந்தார்கள், எரித்ததா புதைத்ததா, எல்லாம் அதில் ஏறும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் குடும்பத்துக்கும் அந்த ரசீது தேவை. எனவே பெயரும் தேதியும் ஒழுங்காக இருக்கும். எங்கே புதைத்தோம் என்ற கட்டத்தை மட்டும் எனக்கு முன்னால் இருந்தவர்கள் கண்ணில் பட்டதை வைத்து நிரப்பியிருந்தார்கள். ‘குழாய் அருகில்’, ‘மேற்குச் சுவர் ஓரம்’. நடுவில் ஒரு பெரிய வேப்பமரம் இருந்ததால் நிறையப் பேருக்கு அதுதான் கணக்கு.

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. அறுத்து ஏற்றினோம். மீதி வேரையும் தோண்டி எடுத்து, பள்ளத்தில் கிராவல் கொட்டி மட்டப்படுத்தச் சொன்னது நான்தான். இடம் விசாலமாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு.

அடுத்த மாசி அமாவாசை, அங்காளம்மனுக்கு மயானத்தில் நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு வழக்கம்போல ஊரே உள்ளே வந்தது. சூறைவிட்ட சுண்டலையும் காய்களையும் கூட்டி அள்ள இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஒரு அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

“2009-ல என் குழந்தையை இங்க வெச்சாங்க சார். என்னை வர விடல. வீட்டுக்காரருக்குத்தான் இடம் தெரியும். அவரும் போன மாசம் போயிட்டாரு.”

நோட்டைப் புரட்டினேன். ஆண் குழந்தை, 11 நாள். வே.ம. தெற்கே 8 அடி.

உதவியாளரைப் பார்த்தேன். “மரம் இருந்தா சொல்லிடுவேன் சார். அதைத்தான் நாம எடுத்துட்டோமே” என்றார். அந்த ‘நாம’ அவருடைய பெருந்தன்மை.

அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மயானக் கொள்ளைக்கு வருசா வருசம் வந்திருக்கேன். எங்கன்னு தெரியாமலே மிதிச்சிக்கிட்டுப் போயிருப்பேன்.”

அவரைக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் மேல் மண்ணைச் சுரண்டினோம். எங்கள் மண் கறுப்புக் களி. நான் கொட்டியது செம்மண் கிராவல். முக்கால் மணி நேரத்தில் சிவப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. டேப்பை வைத்துத் தெற்கே எட்டடி அளந்தோம். மரத்தின் நடுவிலிருந்தா, அடிமரத்தின் ஓரத்திலிருந்தா என்று நோட்டில் இல்லை. அது எப்படியும் ஒன்றரை, இரண்டடி வித்தியாசம் வரும்.

“இதானா சார்?”

“இதுதான்மா.”

பால் ஊற்றினார். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைக்குப் போனேன். அதுவரை பஸ்ஸில் கடந்ததோடு சரி. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் பல ஊர்களில் கிடந்தன. தொடர்ந்து பராமரிக்க முடியாது என்று தோன்றிய இடங்களிலிருந்து எடுத்து, 1952-இல் இங்கே சேர்த்திருக்கிறார்கள். வெட்டிய புல், ஒரே உயரத்தில் கற்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பகுதி, வரிசை, எண் என்று ஒரு விலாசம் இருந்தது. அதற்குக் காசு அதிகம் ஆகாதே.

ஒரு டப்பா கறுப்பு பெயின்ட் வாங்கினோம். நீளமான சுவரில் ஐந்தடிக்கு ஓர் எண், குறுக்குச் சுவரில் ஐந்தடிக்கு ஓர் எழுத்து. இரண்டு பக்கமும் கயிறு பிடித்தால் எந்தக் குழியையும் சொல்லிவிடலாம். மரத்தை வைத்து எழுதிய 64 பதிவுகளையும் சிவப்பு வட்டத்திலிருந்து அளந்து புது நோட்டில் ஏற்றினோம்.

அந்தக் குழந்தையின் வரி வந்தபோது உதவியாளர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “நடுவுலேர்ந்தா, ஓரத்துலேர்ந்தா சார்? எதை எழுதப் போறீங்க?”

பிஸ்கட் காகிதம் இன்னும் அங்கேயே கிடந்தது. அதிலிருந்து சுவர் வரைக்கும் அளக்கச் சொன்னேன்.