பேரு ஒன்பதுக்கு, வேலை ஏழுக்கு

நேற்று ரங்கூனில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம், போனிலும் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு தாளில் 381654729 என்று எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். 381 மூன்றால், 3816 நாலால், 38165 ஐந்தால், இப்படியே போய் முழு எண்ணும் ஒன்பதால். ஒன்பது இலக்கங்களை 3,62,880 விதமாக அடுக்கலாம், அத்தனையிலும் இப்படி அமைவது இது ஒன்றுதான்.

பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்பதோட மகிமைடா" என்றார். இந்த ஊரில் ஒன்பதுக்கு அப்படி ஒரு மரியாதை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்துவிட்டு, அப்போது பர்மாவை ஆண்ட நே வின் அரசு 45, 90 கியாட் நோட்டுகளை விட்டது, இரண்டுமே ஒன்பதால் வகுபடும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு 45 கியாட் நோட்டு மடிப்பு விட்டுப்போய் இன்னும் கிடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 1 முதல் 9 வரை கூட்டினாலும் அதே 45தான். அதனால் எப்படிக் கலைத்துப் போட்டாலும் ஒன்பதால் வகுபட்டே தீரும், ஒன்பது இங்கே சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்.

மற்றவர்கள் உழைக்கிறார்கள். ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு எதுவும் உட்கார முடியாது. 2, 4, 6, 8-ஆம் இடங்களில் இரட்டை எண்தான் வரணும், அப்போது மற்ற இடங்களுக்கு ஒற்றைதான் மிச்சம். முன்னால் ஒற்றை இருப்பதால் நாலாம் இடமும் எட்டாம் இடமும் 2 அல்லது 6. மூன்றும் ஆறும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்க, நடு மூன்று இலக்கமும் 258 அல்லது 654, வேறு வழியில்லை. இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் பத்தே பத்து எண்கள்தான் நிற்கும். 987654321-கூட அதில் ஒன்று, பார்க்க லட்சணமாக இருக்கிறதே, இதுதானோ என்று தோன்றும். 9876543-ஐ ஏழால் வகுங்கள், மீதி 5. போச்சு.

அந்தப் பத்தில் ஒன்பது பேரை வெளியே தள்ளுவது ஏழுதான். ஏழரை, ஏழரை என்று நாம் திட்டுகிற ஏழு. அதற்குச் சுலபமான குறுக்கு வழி எனக்குத் தெரியாது, ஒவ்வொன்றாக வகுத்துத்தான் பார்த்தேன், அதில் இரண்டு தடவை தப்பாக வகுத்து நானே குழம்பினேன்.

பெரியப்பா நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 3816547-ஐத் தானே வகுத்தார். 545221, மீதி இல்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "கடைசியில ஒரு சைபர் போட்டா பத்தாலயும் போகுமேடா" என்றார்.

அட, ஆமாம். 3816547290.