மூன்று வருடம் ஒரே வரி

அணை ஆய்வறிக்கை எது கைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய இரண்டு வருட அறிக்கைகளையும் கேட்டு வாங்கிவிடுவேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வரி மூன்றிலும் வருகிறதா என்று தேடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த பழக்கம் இது. ஓர் அணையில் ஷட்டர் ஒன்று பாதி ஏறி நின்றுவிட்டது. 'முழுதாக உயரவில்லை, உடனே சரிசெய்ய வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுவருடம் போனால் அதே துரு, அதே உயரத்தில் நிற்கும் ஷட்டர். அடுத்த வருடமும் அப்படியே. மூன்று தடவையும் 'உடனே' என்றுதான் எழுதினேன். எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று அப்போது நினைத்தது இன்னமும் உறுத்துகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த எடன்வில் அணையைப் பற்றிப் படித்தபோது அந்த ஷட்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1920களில் கட்டிய மண் அணை, தனியாருக்குச் சொந்தமானது. பெருவெள்ளம் வந்தால் உபரி நீரை வெளியேற்றும் வசதி போதாது, வரக்கூடிய உச்ச வெள்ளத்தில் பாதியைத்தான் தாங்கும் என்று மத்திய ஒழுங்குமுறை ஆணையம் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. உரிமையாளர் செய்யவில்லை. கடைசியில் 2018 செப்டம்பரில் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தது.

கடுமையான நடவடிக்கைதான். ஆனால் உரிமம் போனதும் மின்சாரம் விற்று வந்த வருமானமும் போனது. அணையும் தண்ணீரும் அங்கேயே இருந்தன. கண்காணிப்பு மாநில அரசின் கைக்கு மாறியது. அங்கே வெள்ளத்துக்கான அளவுகோல் இன்னும் தளர்வானது. அனுமதியில்லாமல் நீர்மட்டத்தைக் குறைத்ததால் நன்னீர்ச் சிப்பிகள் செத்தன என்று 2020 ஏப்ரல் 30 அன்று அதே மாநிலம் உரிமையாளர் மேல் வழக்குப் போட்டது. சிப்பிகளும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கரைக்கு ஆபத்து என்று தெரிந்த ஓர் அணையில் நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முதலில் பாதுகாப்புப் பிரிவுதானே சொல்லியிருக்க வேண்டும்?

மே 19 அன்று அணை உடைந்தது. கீழே இருந்த சான்ஃபோர்டு அணையும் போனது. சுமார் 10,000 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நேரத்தோடு வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை.

அப்புறம் வந்த நிபுணர் குழு அறிக்கைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தண்ணீர் கரைக்கு மேல் வழிவதற்கு முன்பே கரை சரிந்திருக்கிறது. சரியாக இறுகாத மணல், நீர்மட்டம் ஏறியதும் பிடிப்பு விட்டுக் குழம்பாக ஓடியிருக்கிறது. இத்தனை வருடமும் சண்டை உபரிநீர்ப் போக்கியைப் பற்றி. கவிழ்த்ததோ கரைக்குள் இருந்த மணல்.

அபராதம், உரிம ரத்து எல்லாம் இருக்கட்டும். உரிமையாளர் செய்யாவிட்டால் அரசே பழுதுபார்த்துச் செலவை அவரிடம் வசூலிக்கும் அதிகாரமும், அதற்கு முன்பணமாக ஒரு நிதியும் வேண்டும். பழுது முடியும்வரை நீர்மட்டம் இறங்கித்தான் இருக்க வேண்டும். 'உடனே' என்று எழுதும் இடத்தில் ஒரு தேதியைக் கேளுங்கள் என்றுதான் இப்போது என்னோடு ஆய்வுக்கு வரும் இளைஞர்களிடம் சொல்கிறேன்.