கடைசிக் குரல் முடியும்வரை

மாநாட்டு அரங்குகளில் மொழிபெயர்ப்புக் கருவிகளைப் பொருத்தி, நிகழ்ச்சி முடியும்வரை, ஒலிகளைச் சீராக்கி அனுப்பும் மிக்சர் கருவி முன்னால் உட்கார்ந்திருப்பது என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். மருத்துவர்கள், பொறியாளர்கள், தொழிற்சங்கத்தார் என்று எத்தனையோ பேருடைய மாநாடுகள். பெரும்பாலானவை அடுத்த மாதமே மறந்துபோகும். ஒரு சர்வதேசத் திருச்சபை மாநாட்டின் தொடக்க அமர்வு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. ஒற்றுமையும் பன்மையும் என்பதுதான் அன்றைய பொருள். மேடையில் அதைப் பற்றிப் பலர் நன்றாகப் பேசினார்கள். நான் எழுத நினைப்பது மேடைக்கு நேர் எதிரே, அரங்கின் பின்சுவரை ஒட்டிப் போட்ட எங்கள் மேசையிலிருந்து கண்டதையும் கேட்டதையும்.

காலை ஏழரைக்கே வாசலில் ரிசீவர் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். கைக்கு அடக்கமான சாம்பல் நிறப் பெட்டி, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு, ஒரு ஹெட்போன். எண்ணைத் திருப்பினால் மொழி மாறும். பூஜ்யத்தில் மேடைக் குரல் அப்படியே வரும். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன். பல நாட்டுச் சபைகள் சேர்ந்த அமைப்பான உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவைகளிலும் வழக்கமாகப் புழங்கும் மொழிகள் இவைதான்.

வரிசையில் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கறுப்பு அங்கியும் உயரமான தொப்பியுமாக ஆர்த்தடாக்ஸ் ஆயர்கள். வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்ட போதகர்கள். ஒரே பூப்போட்ட துணியில் ஒரே மாதிரி தைத்து உடுத்திவந்த ஆப்பிரிக்கப் பெண்கள். சாதாரணச் சட்டையில், பெயர் அட்டையைப் படித்தால்தான் தெரியும் என்கிற மாதிரி மெனோனைட் சபையார். எல்லாருக்கும் ஒரே சாம்பல் பெட்டி.

ஆராதனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான ஆயர் எழுந்து பின்னால் வந்தார். காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பேட்டரி சரி, எண் சரி. பெட்டி எங்கே என்று பார்த்தால், அங்கிக்குள் சட்டைப்பைக்குள் இருந்தது. இந்தக் கருவிகள் வேலை செய்வது அகச்சிவப்பு ஒளியில். டிவி ரிமோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரைத் தாண்டாது, தடித்த துணியையும் தாண்டாது. மேடைப் பக்கம் மாட்டியிருக்கும் விளக்குப் பலகைக்கும் ரிசீவருக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது. நான் பெட்டியை வெளியே எடுத்து, அவர் மார்பில் தொங்கிய சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டினேன். உடனே குரல் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன மொழி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், அங்கி போட்டவர்களில் பாதிப் பேர் மரியாதைக்காகப் பெட்டியை உள்ளேதான் வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகப் போய், வெளியே மாட்டச் சொல்லி சைகை காட்டிவிட்டு வந்தோம்.

இதற்கு முன்பு வாசலிலேயே ஒன்று நடந்தது. அதை இன்றைக்கும் நினைத்தால் மனது சங்கடப்படும். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த பிரதிநிதி, ஐம்பது வயதிருக்கும், ரிசீவரை வாங்கிக்கொண்டு, "என் மொழிக்கு எந்த எண்?" என்று கேட்டார். எந்த மொழி என்று கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இல்லை அம்மா, ஐந்து மொழிதான் என்றேன். சரி என்று தலையசைத்து, தானே ஒன்றாம் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டார். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அது அவருக்குப் பழகிப்போனது என்று தெரிந்ததுதான் எனக்கு வருத்தம்.

என் தாய்மொழிக்கும் அங்கே எண் கிடையாது. இத்தனைக்கும் சபைகளைச் சேர்க்கும் இந்த ஒற்றுமை இயக்கத்தின் வரலாற்றில் தமிழர் பெயர்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் சுமார் 1200 பிரதிநிதிகள் கூடினார்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவரான வி. எஸ். அசரியா, வந்திருந்த மிஷனரிமாரைப் பார்த்து, எங்களுக்காக எவ்வளவோ கொடுத்திருக்கிறீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அரங்கில் சிலருக்கு அது கசந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் பிறந்தபோது, தொடக்க ஆராதனையில் பேசியவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழரான டி. டி. நைல்ஸ். 1968-இல் உப்சாலா பேரவையில் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதாக இருந்தது. ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் தொடக்க ஆராதனையிலும் பேசியது நைல்ஸ்தான். நட்பைக் கேட்டவரும் சரி, தொடக்கத்தில் செய்தி கொடுத்தவரும் சரி, ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அவர்கள் பேச்சை அடுத்தவர் காதுக்குக் கொண்டுபோக வழி இருந்தது. அவர்கள் மொழியை அல்ல. அந்த அம்மாவுக்கு ஒன்றாம் எண்ணைத் தவிர வேறு கொடுக்க முடியாமல் நின்றபோது இதெல்லாம் என் மனதில் ஓடியது.

அப்புறம் அமர்வு தொடங்கியது. மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் நன்றாகத் தெரிகிற ஒரு விஷயம் உண்டு. மொழிபெயர்ப்புள்ள அரங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை. பூத் என்கிற கண்ணாடி அறையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர் பேச்சாளருக்குச் சில நொடிகள் பின்னால்தான் வருவார். பேச்சாளர் ஜெர்மனில் பேசினால் இன்னும் கொஞ்சம் தாமதம். அந்த மொழியில் பல வாக்கியங்களில், நம் தமிழைப் போலவே, வினைச்சொல் கடைசியில் வரும். அது வரும்வரை மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க முடியாது. வரவேற்புரை சொன்னவர் சிரிக்கும்படியாக ஏதோ சொன்னார். முதலில் முன்வரிசையில் சிரிப்பு. இரண்டு மூச்சு கழித்து இடதுபக்கம். அதற்கும் பிறகு பின்னால், தனியாக, ரஷ்யன் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். மற்ற மாநாடுகளில் அந்தக் கடைசிச் சிரிப்பின் மேலேயே பேச்சாளர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குத் தலைமை வகித்த பெண்மணி, ஒவ்வொரு முறையும், கடைசி வரிசை ஓயும்வரை பேசாமல் நின்றார். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவது தடவைதான், அவர் வேண்டுமென்றே நிற்கிறார் என்று புரிந்தது.

நிகழ்ச்சி நிரலுக்கு ஒப்புதல் கேட்டபோதும் அப்படித்தான். இந்த மாநாட்டில் கையைத் தூக்கி எண்ணும் பழக்கம் இல்லை. ஆரஞ்சு அட்டை காட்டினால் இசைவு, நீல அட்டை காட்டினால் தயக்கம். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவைகளில் 2006-இல், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில்தான் முதலில் கையாண்ட முறை அது. பெரும்பான்மை சிறுபான்மையை வெல்வதற்குப் பதிலாக, தயங்குபவர் ஏன் தயங்குகிறார் என்று கேட்பதற்காக. கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலைவி உடனே அட்டைகளைப் பார்க்கவில்லை. பூத்துகளின் பக்கம் பார்த்தார். ஐந்து கண்ணாடிகளுக்குப் பின்னாலும் உதடுகள் நின்ற பிறகுதான் அரங்கைப் பார்த்தார்.

நான் தவறு செய்ததும் அந்த அமர்வில்தான். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் ஸ்பானிஷில் பேசத் தொடங்கினார். ரஷ்யன் பூத்தில் இருந்தவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் ஆங்கில பூத் மொழிபெயர்ப்பதை அவர்கள் காதில் வாங்கி, அதிலிருந்து ரஷ்யனுக்குக் கொண்டுபோவார்கள். இதை ரிலே என்போம். அந்த இணைப்பை மாற்ற வேண்டியது நான். மாற்றவில்லை. எதையோ சரிபார்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். நிமிர்ந்தால் ஐந்தாவது பூத்தில் ஒரு பெண் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ரஷ்யன் கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. பதற்றத்தில் எந்தப் பொத்தான் என்றே பிடிபடவில்லை.

தலைவி பேச்சாளரை நிறுத்தினார். "நம்மில் சிலர் இன்னும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்கும்வரை காத்திருப்போம்" என்றார். அவ்வளவுதான். எங்கள் மேசையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சாளரும் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முக்கால் நிமிடம் இருக்கும். ஆயிரத்துக்கு மேல் பேர் இருந்த அரங்கில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, போனை எடுக்கவில்லை. இணைப்பு கிடைத்தது. பேச்சாளர் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வேறு இடங்களில் இதே தவறு நடந்திருக்கிறது. "போகட்டும், அவர்களுக்கு அச்சுப் பிரதி கொடுத்துவிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்வார்கள். நேரம் மிச்சம் என்று நானும் அதை நியாயமாகவே நினைத்திருக்கிறேன். கேட்காமல் போனவர்களின் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒற்றுமை என்ற சொல்லை மேடையில் அன்று எத்தனை தடவை சொன்னார்களோ, எனக்கு அது அர்த்தமானது அந்த முக்கால் நிமிடத்தில்தான். முன்னால் போகக்கூடியவர்கள் நின்றார்கள்.

கடைசியில் கர்த்தருடைய ஜெபம். அவரவர் தாய்மொழியில் சொல்லும்படி நிகழ்ச்சித் தாளிலேயே அச்சிட்டிருந்தது. பூத்துகளுக்கு வேலை இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் மைக்கை அணைத்தார்கள். ஐந்து சிவப்பு விளக்குகளும் அணைந்தன. மிக்சரில் ஐந்து சேனல்களின் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடுகளும் ஒவ்வொன்றாக இறங்கித் தரையைத் தொட்டன. நிகழ்ச்சி நடுவே அப்படிக் கோடுகள் இறங்கினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அன்றைக்கு, கூரையில் தொங்கிய இரண்டு அரங்க மைக்குகளின் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

என் பக்கத்தில் இருந்தவர் எங்கள் குழுவின் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் கத்தோலிக்கர். நான் தென்னிந்தியத் திருச்சபை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் தங்கள் எல்லைகளை விட்டுக்கொடுத்துச் சேர்ந்து உண்டாக்கிய சபை அது. சேர்வதைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே பெருமையாகக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் அண்ணனும் நானும் பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சேர்ந்து வாய்விட்டு ஜெபித்ததில்லை. நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தேன். அண்ணன் மெல்லிய குரலில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றார். ஒரே மொழி, வேறு சொற்கள். முதலில் தடுமாறினேன். அவர் சொல் என் நாக்கில் வந்துவிடப் பார்த்தது. அப்புறம் அவரவர் வழியில் போனோம். தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும் என்று முடித்து அண்ணன் ஆமென் சொல்லிவிட்டார். எனக்கு ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் பாக்கி இருந்தது. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. நான் முடிக்கும்வரை கை கூப்பியபடியே நின்று, என்னோடு இரண்டாவது தடவை ஆமென் சொன்னார்.

அரங்கிலும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. எல்லா மொழியிலும் ஜெபம் ஒரே நீளமில்லை. அரங்க மைக்கின் கோடு படிப்படியாக இறங்கியது. ஒரு பெரிய கூட்டம் முடித்தது, கோடு பாதிக்கு வந்தது. இன்னொரு கூட்டம். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குரல்கள். எங்கள் மேசைக்கு மூன்று வரிசை முன்னால் அந்தத் தீவுப் பெண் நின்றிருந்தார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தார். காலையில் என்னிடம் சொன்ன அந்த மொழியில்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் முடித்துவிட்டார்கள். யாரும் உட்காரவில்லை.

ஹெட்போனில் எனக்கு ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது. அது அவருடையதா, வேறு யாருடையதா என்று இன்றுவரை தெரியாது. கடைசிப் பச்சைப் புள்ளி அணையும்வரை தலைவி மைக்கைத் தொடவில்லை. அது அணைந்த பிறகு பூத்துகளைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றாம் எண்ணில் சிவப்பு விளக்கு எரிந்தது.